கம்பளியும் கணக்கேடும்: கந்தப்பளை முதல் நீலகிரி வரை ஒரு பண்டத்தின் வரலாறு

மலையகத் தமிழர் வரலாறு பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் குடிபெயர்வு, குடியுரிமை, தொழிற்சங்கம், வேதனம் ஆகிய பொருள்களையே மையமாகக் கொண்டுள்ளன. இவை முதன்மை வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மக்களின் உடலோடு ஒட்டி, அவர்களது உழைப்போடு உழைப்பாக இருந்துவந்த பண்டங்களின் வரலாறு இன்னும் தனித்து நோக்கப்படவேண்டியதொன்றாகவே உள்ளது. அத்தகைய பண்டங்களுள் கம்பளிக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. பகலில் மழைக்குக் கவசமாகவும் இரவில் போர்வையாகவும் பயன்பட்ட இந்த ஒரே துணி, தோட்டத் தொழிலாளியின் கடன் கணக்கில் முதலில் எழுதப்பட்ட பொருள்களுள் ஒன்றாகவும் இருந்தது. அதனை நெய்தவர்களும் அதற்குரிய மயிரைத் தந்த ஆட்டு மந்தைகளை மேய்த்தவர்களும் கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஏழை மக்களே.

ஆயர், நெசவாளர், தோட்டத் தொழிலாளர் என்னும் இம்மூவரையும் ஒரே பண்டத்தின் வழியாக இணைத்து நோக்கின், மலைவாழ் உழைப்பாளரின் வாழ்வை உயர்த்துதல் பற்றிய இன்றைய விவாதங்களுக்குப் பயன்படும் சில உண்மைகள் புலப்படும். அவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களமும் காலநிலையும்

நுவரெலியாவுக்கு வடகிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது கந்தப்பளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத்தில் அமைக்கப்பட்ட சிறு புகையிரதப் பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டபோது, கந்தப்பளையும் அப்பாதையின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கும் அரிசி மூடைகளை ஏற்றிவருவதற்கும் பயன்பட்ட அப்பாதை பின்னர் மூடப்பட்டுவிட்டது. சுற்றியுள்ள கோட்லோஜ், கொன்கோடியா, பார்க் முதலிய தோட்டங்களின் லயங்களிலும், மலைச்சரிவுகளில் மரக்கறி செய்யும் நிலங்களிலும் உழைக்கும் மக்களின் வாழ்வு, குளிரையும் மழையையும் எதிர்கொள்ளும் வாழ்வாகும். இரு பருவக்காற்றுகளும் இங்கே மழையைத் தருகின்றன. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் புல்நுனியில் உறைபனி படிவதும் உண்டு.

இம்மலைக்கு வந்து குடியேறியோர் எத்தகைய நிலத்திலிருந்து வந்தனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் வெப்பநிலச் சிற்றூர்களே அவர்களது பிறப்பிடங்கள். 1830களில் தொடங்கிய கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். எஞ்சியோர் மலையேறியபோது, பருத்தி வேட்டியும் சேலையும் தவிர அவர்களிடம் வேறு உடையில்லை. எனவே மலைநாட்டில் கம்பளி உயிர்காக்கும் பொருளாயிற்று. உயிர்காக்கும் பொருளை வழங்குபவன் உயிரின்மீதும் உரிமை கொண்டாடக் கூடும் என்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகிறது.

தோட்டத்துரைமார் இப்பொருளுக்குத் தம் மொழியில் வேறு பெயர் தேடவில்லை. தமிழரின் ‘கம்பளி’ என்ற சொல்லையே சிறிது திரித்துத் தம் கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் எழுதினர். சிங்களத்திலும் இச்சொல்லின் இனமான ‘கம்பிலி’ வழங்குகின்றது. வடமொழிக் ‘கம்பலம்’ என்பதன் வழிவந்த இச்சொல் தென்னாசியா முழுவதிலும் பரவியிருத்தல், இப்பண்டத்தின் வணிகம் எவ்வளவு பழமையானது, எவ்வளவு விரிந்தது என்பதற்குச் சான்றாகும்.

2. கம்பளியைச் செய்தோர்

தமிழ்நாடு வெப்பநாடு; ஆகவே மயிராடை இங்கு அயலானது என்று கருதுவோர் உளர். இலக்கியச் சான்று அக்கருத்துக்கு இடந்தரவில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் அறுவை வீதியில் பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடைகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தமையைக் கூறுகின்றது. முல்லைத் திணையின் ஆயர் வாழ்வு பற்றிச் சங்கச் செய்யுட்கள் தரும் விரிவான செய்திகளையும் இதனோடு சேர்த்து நோக்கலாம்.

பிற்காலத் தமிழில் ‘குறும்பாடு’ என்றொரு சொல் உண்டு. இது அடர்ந்த மயிருள்ள ஆட்டைக் குறிக்கும். வெள்ளாட்டினின்றும் மயிர் குறைந்த செம்மறியினின்றும் இதனை வேறுபடுத்தி வழங்கினர். கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆட்டினம் இன்றும் ‘குறும்பை’ எனப்படுகிறது. இவ்வாட்டை வளர்த்து அதன் மயிரில் கம்பளி நெய்தோர் குறும்பர் எனப்பட்டனர். கன்னட நாட்டில் குருபரும், மராட்டிய நாட்டில் தங்கரும் இதே தொழிலைச் செய்தனர். பல்லாரி, சித்திரதுர்க்கம் முதலிய தக்காணத்து மாவட்டங்கள் கம்பளிக்குப் பெயர் பெற்றவை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருந்தொகுதியிலும் இம்மக்கள் பற்றிய செய்திகள் விரிவாக உள்ளன.

கம்பளி செய்யும் முறை எளிமையானதாகத் தோன்றினும் ஆழ்ந்த அறிவை வேண்டுவது. ஆண்டுக்கு இருமுறை ஆட்டின் மயிரைக் கத்தரித்து, குப்பை நீக்கி, வில்லால் அடித்துப் பஞ்சாக்குவர். பெண்கள் அதனைக் கையால் நூற்பர். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழைப் பசையாக ஏற்றி, உலர்த்தி, தூரிகையால் நீவி, குழித்தறியில் ஆண்கள் நெய்வர். கறுப்பு ஆட்டின் மயிர் இயல்பாகவே கருநிறமுடையதாதலின் சாயம் தோய்க்கும் செலவில்லை. துணி முரடானது, உடலை உறுத்துவது. ஆயினும் அம்முரட்டுத்தன்மையே அதன் பயனுக்குக் காரணமாயிருந்தது. நெருங்க நெய்த தடித்த கம்பளியின் மேல் விழும் மழை எளிதில் உள்ளிறங்குவதில்லை. மயிரிழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் வெப்பத்தைக் காக்கவல்லது. நனைந்த பருத்தி உடலைக் குளிர்விக்கும். நனைந்த கம்பளி அவ்வாறு செய்வதில்லை. மழையில் நின்று உழைப்பவருக்கு இதனினும் ஏற்ற துணி அக்காலத்தில் வேறு இருந்ததில்லை எனலாம்.

ஆயரின் பொருளாதாரத்தில் மயிர் ஒரு பகுதி மட்டுமே. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு எருவுக்குக் கூலியாகத் தானியம் பெறுதல், குட்டிகளை விற்றல், மயிர் கத்தரித்தல் என மூன்று வருவாய்கள் அவர்களுக்கு இருந்தன. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. மயிரின் விலை வீழ்ந்தாலும் கிடைக்கூலி கைகொடுத்தது. ஆனால் நெசவாளர் நிலை வேறு. பல இடங்களில் அவர்கள் வணிகரிடம் முன்பணம் பெற்று, அவ்வணிகருக்கே துணியைக் கொடுக்கும் கட்டுக்குள் இருந்தனர். துணியின் விலையைத் தீர்மானித்தவன் நெய்தவனல்லன், முன்பணம் கொடுத்தவனே.

3. கம்பளியைப் பெற்றோர்

கடலின் இக்கரையில் இதே முன்பண முறை வேறொரு வடிவில் இயங்கியது. ஊரில் ஆள் கட்டிய கங்காணி, பயணச் செலவையும் வழியுணவையும் கடனாக எழுதினான். தோட்டத்தை அடைந்ததும் அரிசியும் கம்பளியும் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறின. ஒருநாள் வேலையும் செய்யுமுன்னரே அவன் கடனாளியாயினான். சம்பளமோ மாதக்கணக்கில் பின்தங்கியே கிடைத்தது. மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்படவேண்டும் என 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் விதிக்க நேர்ந்ததே, அதற்கு முன்னிருந்த நிலையை விளக்கப் போதுமானது.

இக்கடன் தொழிலாளியை ஒரு தோட்டத்தோடு பிணித்தது. அவனும் குடும்பமும் வேறு தோட்டத்துக்குச் செல்லவேண்டுமாயின், கடன் தொகையைக் குறித்துத் துரை எழுதித்தரும் ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தினாலன்றி விடுதலை இல்லை. கடன் தீர்ந்துபோவதில்லை, ஒரு கணக்கேட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச்சென்றது. அக்கணக்கில் கம்பளியின் விலை சிறு தொகையே. ஆயினும் அது மீண்டும் மீண்டும் எழுதப்படுவது. முட்செடியில் கிழிந்தும் சேற்றில் நைந்தும் போகும் கம்பளிக்குப் பதிலாக மற்றொன்று வாங்கியே ஆகவேண்டும். அதனை எந்தக் கடையில் வாங்குவது, எத்தரத்தில் வாங்குவது, என்ன விலை கொடுப்பது என்பவற்றுள் எதனையும் அணிபவர் தீர்மானிக்கவில்லை. தோட்டம் மொத்தமாக வாங்கியது, கணக்கப்பிள்ளை எழுதினார், சம்பளத்திற் கழிக்கப்பட்டது.

துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927இல் நிறைவேறியது. அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம், உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என அமைந்தது. தாழ்நிலத் தோட்டங்களில் இது முறையே 50, 40, 30 சதமாக இருந்தது. இச்சிறு வேறுபாட்டை, மலையுச்சியில் வாழ்வதற்குக் கூடுதற் செலவாகும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டதன் அடையாளமாகக் கொள்ளலாம். உயர்மலைப் பெண்ணுக்குக் கிடைத்த கூடுதல் நாளொன்றுக்கு மூன்று சதம். குளிரின் விலையை அன்றைய ஆட்சி அவ்வளவாகவே மதிப்பிட்டது.

கொழுந்தெடுக்கும் பெண்களே கம்பளியை மிகுதியாகப் பயன்படுத்தினர் என்பதும் நோக்கற்பாலது. தலையில் மடித்திட்ட கம்பளியின் மேல் கூடைக்கயிறு பதியும்; முதுகில் கூடை தொங்கும்; இடுப்பில் படங்கு கட்டப்பட்டிருக்கும். கம்பளி வாங்க இயலாதோரும் அதனைக் காக்க விரும்பியோரும் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டனர். பிள்ளைகள் பலர் படுக்கும் லயத்து அறையில் இரவிற் போர்த்தவேண்டிய கம்பளி பகல் மழையில் நனைந்திருப்பின், அதனை உலர்த்துவதற்கு அடுப்பன்றி வேறிடமில்லை. புகையும் ஈரமும் கலந்த அவ்வறைகளில் நெஞ்சுச்சளியும் இருமலும் நிலைபெற்றமை வியப்புக்குரியதன்று.

கோ. நடேசய்யர் 1931இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்திலிருந்து தொடங்கும் தொழிற்சங்க வரலாற்றில், சம்பளத்தின் அளவு எவ்வளவு முதன்மை பெற்றதோ அவ்வளவு முதன்மை சம்பளக் கழிவுகளுக்கும் உண்டு. உழைப்பவர் கையில் இறுதியில் எஞ்சுவது எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது கணக்கேட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்தேயாகும்.

4. ஆடுகளைச் சீர்திருத்தும் முயற்சி

ஆயரின் வாழ்வும் நெசவாளரின் வாழ்வும் உயரவேண்டுமாயின் மயிரின் தரம் உயரவேண்டும். அதற்கு மேலைநாட்டு ஆடுகளைக் கொணர்ந்து கலப்பினம் உண்டாக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆட்சியாளரும் நிபுணரும் கூறிவந்த பரிகாரம் இதுவே.

இலங்கை மலைநாட்டிலும் இதன் சாயலைக் காண்கிறோம். 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவ முனைந்த சாமுவேல் பேக்கர், பசு, குதிரை, நாய்களோடு சவுத்டவுன், லெஸ்ரர், கொட்ஸ்வோல்ட் ஆகிய மூவினக் கடாக்களையும் கப்பலிற் கொண்டுவந்தார். அவர் எழுதிய நூல் 1855இல் வெளிவந்தது. மலைப் புல்வெளியாகிய பத்தனை கண்ணுக்கு மேய்ச்சல் நிலமாகத் தோன்றினும், அதன் மண் வளங்குன்றியது என்பதை அவரே கண்டுகொண்டார். நுவரெலியாவில் பின்னாளில் மரக்கறியும் பாற்பண்ணையும் வேரூன்றின. கம்பளித் தொழில் வேரூன்றவில்லை.

நீலகிரியில் முயற்சி ஓரளவு வெற்றி பெற்றது. கோயம்புத்தூர் ஆட்டோடு தாஸ்மேனிய மெரினோ, செவியொட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆடு, தென்னிந்தியாவின் மெல்லிழை மயிரினம் எனப் பெயர்பெற்றது. அதன் இழை ஏறத்தாழ 27 மைக்கிரோன் விட்டமுடையது. தக்காணத்து ஆட்டின் முரட்டு மயிரோ இதைவிட மிகவும் தடித்தது. நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணியதோடு, மெரினோ முதலியவற்றோடு மேலும் கலந்து ‘சாண்டினோ’ என்ற இனத்தையும் உருவாக்கியது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரில், இராசத்தானத்து அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965இல் நிறுவப்பட்டது.

இவ்வறிவியற் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும், மெல்லிழை ஆடு தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரும் நீலகிரி ஆயர் வளம் பெறாதது ஏன் என்ற வினாவுக்கு விடை காணல் வேண்டும். இன்று நீலகிரி ஆடு எண்ணிக்கையில் மிகக் குறைந்து, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. மயிருக்குக் கிடைக்கும் விலை, அதனைக் கத்தரிக்கும் கூலிக்கும் போதாது. தக்காணத்திலும் நிலைமை இதுவே. கறுப்பு மயிராட்டை விடுத்து, இறைச்சிக்குரிய நெல்லூர் முதலிய மயிரற்ற இனங்களுக்கு ஆயர் மாறிவருகின்றனர். ஒருகாலத்தில் ஓர் இழையும் வீணாகாத மயிர் இன்று பல ஊர்களில் எறியப்படுகின்றது.

இதற்கான காரணங்கள் இரண்டு. ஒன்று, சந்தையில் ஏற்பட்ட மாற்றம். 1876இல் கான்பூரிலும் 1884இல் பெங்களூரிலும் கம்பளி ஆலைகள் தோன்றின. அவற்றுக்கும் முன்பே, 1813இல், பழைய கம்பளித் துணியைக் கிழித்து மீண்டும் நூற்கும் முறை இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் இந்தியாவின் பானிப்பட்டு இம்முறையின் பெரும் நிலையமாயிற்று. பழந்துணியிலிருந்து மலிவாக நெய்யப்படும் போர்வையோடு குழித்தறிக் கம்பளி விலையிற் போட்டியிட இயலவில்லை. செயற்கை இழை வந்தபின் போட்டி மேலும் கடுமையாயிற்று. மற்றைய காரணம் நிலத்தைப் பற்றியது. அதனைத் தனியே நோக்குதல் தகும்.

5. புல்வெளியும் தேயிலையும்

பிரித்தானிய வரலாற்றில் கம்பளிக்கும் நிலப்பறிப்புக்கும் உள்ள தொடர்பு நன்கறியப்பட்டது. ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில், குறிப்பாக 1811 முதல் 1820 வரை சதர்லாந்துப் பகுதியில், ஆயிரக்கணக்கான குடியானவர் தம் நிலங்களினின்றும் வெளியேற்றப்பட்டு, அவ்விடங்களில் செவியொட் ஆடுகள் விடப்பட்டன. பின்னாளில் இலங்கையின் மலைகளுக்குத் துரைமாராக வந்தோருள் ஸ்கொத்லாந்தியர் பலர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் ரெய்லரும் அந்நாட்டினரே.

நீலகிரியில் இது தலைகீழாக நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்தில் ஆடு மனிதரை வெளியேற்றியது. நீலகிரியில் தேயிலையும் சீகையும் தைலமரமும் ஆட்டை வெளியேற்றின. புல்வெளிகள் பயனற்ற நிலமென வகுக்கப்பட்டு, மரந்தோட்டங்களாகவும் தேயிலைத் தோட்டங்களாகவும் மாற்றப்பட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கியமையே நீலகிரி ஆட்டின் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் கூறுவர்.

இவ்விடத்தில் மலையகத் தமிழர் வரலாறு மீண்டும் குறுக்கிடுகின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றி 1974இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. மக்களின் விருப்பம் கேட்கப்படாமலே இரு அரசுகள் செய்துகொண்ட இக்கணக்கின் விளைவாக, மலையகத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் கப்பலேறின. அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கிவருகின்றது. நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அவர்கள் மீண்டும் கொழுந்தெடுத்தனர். நான்கு தலைமுறைக்கு முன் கடனோடு வெளியேறியோரின் வழித்தோன்றல்கள், மற்றொரு குளிர்மலையில், மற்றொரு லயத்தில் குடியமர்ந்தனர்.

ஆயர் இழந்த மலையில் தோட்டத் தொழிலாளர் குடியேற்றப்பட்டமையை இரு சாராரின் முரணாகக் கொள்வது பிழையாகும். நிலத்தின் பயனைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருவரிடமும் இருந்ததில்லை. 2022இல் அத்தோட்டக் கழகத்தின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கு மீள ஒப்படைக்கும் முடிவு வெளியானபோது, தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் தம் வேலையும் வீடும் என்னாகும் எனக் கலங்கிப் போராடியமை இதனை உறுதிசெய்கின்றது. ஆயரைப் போலவே அவர்களும், தாம் உழைத்த நிலத்தைப் பற்றிய முடிவைப் பிறர் எடுக்கக் கேட்டறிந்தவர்களே.

6. குலு நெசவாளர் தரும் படிப்பினை

மலைக் கம்பளித் தொழில் உழைப்பாளருக்கு வாழ்வளித்த எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. இமாசலத்தின் குலுப் பள்ளத்தாக்கில் பூட்டி என்ற சிற்றூரின் நெசவாளர் 1944இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். தொடக்கத்தில் நலிந்திருந்த அச்சங்கம், 1956இல் வேத்ராம் தாக்கூர் அதன் பொறுப்பை ஏற்றபின் புத்துயிர் பெற்றது. நூலை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்கு வழங்குதல், துணியின் தரத்தைத் தாமே சோதித்தல், தமது பெயரில் தமது கடைகளில் விற்றல் ஆகிய மூன்றையும் சங்கம் கைக்கொண்டது. குலுச் சால்வைக்குப் புவிசார் குறியீடும் 2005இல் கிடைத்தது. வணிகரின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருந்த நெசவாளர், தம் கணக்கைத் தாமே எழுதும் நிலைக்கு உயர்ந்தமையே இவ்வெற்றியின் அடிப்படை.

எனினும் இவ்வெற்றிக்கும் ஓர் எல்லை உண்டு. குலுச் சால்வைகளுட் பல இன்று ஆஸ்திரேலிய மெரினோ நூலில் நெய்யப்படுகின்றன. அம்மலையிலேயே மந்தை மேய்க்கும் கத்தி இன ஆயரின் முரட்டு மயிருக்கு அச்சந்தையிற் போதிய இடமில்லை. நெசவாளர் தம் கண்ணியைக் கைப்பற்றினர். ஆயரின் கண்ணி இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. தரம் பிரிக்கப்படாமல் மூட்டையாக விற்கப்படும் மயிரில், நல்ல இழையும் கழிவும் ஒரே விலைக்குப் போகின்றன. மந்தை இருக்குமிடத்திலேயே நிறம், நீளம், மென்மை ஆகியவற்றால் மயிரை வகைப்படுத்துவதும், முரட்டு மயிருக்கு விரிப்பு, தடுக்கு, வெப்பங்காக்கும் கட்டடப் பொருள் முதலிய ஏற்ற பயன்களைக் காண்பதும் அவ்விடைவெளியை ஓரளவு குறைக்கக்கூடியவை. மெல்லிழையே உயர்ந்தது என்ற ஆலையின் அளவுகோலை ஏற்று ஆட்டை மாற்ற முனைந்தோர், இருக்கும் மயிருக்கு ஏற்ற பயனைத் தேடுவதில் அதே அளவு ஊக்கம் காட்டவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவைத் தொகுத்துரைக்கலாம். ஆயர், நெசவாளர், தோட்டத் தொழிலாளர் ஆகிய மூவரும் ஒரே பண்டத்தால் இணைக்கப்பட்டிருந்தனர், ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களுக்கிடையே நின்றவர்கள் முன்பணம் கொடுத்த வணிகரும், மொத்தமாக வாங்கிய கம்பனிகளும், பற்றெழுதிய தோட்டங்களுமாவர். பண்டத்தின் தரம் உயர்ந்த காலத்திலும் தாழ்ந்த காலத்திலும் இந்த இடைநிலை மாறவில்லை. ஆகவே உற்பத்திப் பெருக்கமோ இனச் சீர்திருத்தமோ தம்மளவில் உழைப்பவர் வாழ்வை உயர்த்திவிடும் என்ற நம்பிக்கைக்கு இவ்வரலாறு ஆதரவு தரவில்லை. தரத்தை மதிப்பிடுதல், விலையை நிர்ணயித்தல், கணக்கை எழுதுதல் ஆகியவற்றில் உழைப்பவர் பங்கு பெற்ற இடத்தில் மட்டுமே வாழ்வு உயர்ந்திருக்கிறது.

கந்தப்பளையின் இன்றைய நிலையோடு இதனைப் பொருத்திப் பார்த்தல் தகும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாக்கப்பட்டு, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டன. கொழுந்தெடுப்போரின் தோளிலிருந்து கம்பளி பெரும்பாலும் நீங்கி, அவ்விடத்தைப் பொலித்தீனும் செயற்கை இழை உடைகளும் பெற்றுவிட்டன. துண்டுமுறை பற்றி இளைய தலைமுறை நூல்களிலேயே படித்தறிகின்றது. எனினும், நனைந்த கொழுந்துக்கும் கூடைக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்ற வாதம் நிறுவைக் களத்தில் இன்னும் ஓயவில்லை. தராசு ஒருவர் கையிலும் கூடை இன்னொருவர் முதுகிலும் இருக்கும் வரை அது ஓயப்போவதுமில்லை.

தோட்ட இளைஞருக்கும் பெண்களுக்கும் கைத்தொழில் வாய்ப்புகளை உண்டாக்கவேண்டும் என்ற குரல் மலையகத்தில் நெடுநாளாக ஒலித்துவருகின்றது. குளிர்ப்பிரதேசமாகிய நுவரெலியாவில், உல்லாசப் பயணிகளின் சந்தையை நம்பிக் கம்பளிப் பின்னல் போன்ற தொழில்களைத் தொடங்குதல் இயலாததன்று. ஆட்டுமந்தை இல்லாத மலைக்கு நூல் வெளியிலிருந்தே வரவேண்டும் என்பதும் வெளிப்படை. அத்தகைய முயற்சி எதுவாயினும், அதனைத் தொடங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. நூலை வாங்குபவர் யார்? முன்பணம் எக்கணக்கில் எழுதப்படும்? பின்னிய உடையின் தரத்தை மதிப்பிடுபவர் யார்? விலை சொல்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை, பின்னும் பெண்களே என்று வராவிடின், புதிய தொழில் பழைய பற்றுக் கணக்கின் புதிய பக்கமாகவே முடியும்.

கம்பளியின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. தோட்டங்களின் பழைய செக்றோல்களும் கணக்கேடுகளும் கறையானுக்கு இரையாகுமுன் தேடிக்காக்கப்படல் வேண்டும். கொங்காணி போட்டுக் கொழுந்தெடுத்த முதுபெண்களின் நினைவுகள் அவர்களது சொற்களிலேயே பதியப்படல் வேண்டும். கந்தப்பளை, இராகலை, ஹற்றன் பகுதிப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர் இப்பணிக்கு மிகவும் தகுதியானவர்கள். தம் பாட்டியர் எவ்வளவு கொழுந்து பறித்தனர் என்பதை ஏற்றுமதிப் புள்ளிவிவரங்கள் கூறும். அவர்கள் எதனைப் போர்த்தியிருந்தனர், அதற்கு எத்தனை நாள் உழைப்பை ஈடாகக் கொடுத்தனர் என்பதை அம்மாணவர்களே கண்டறிந்து எழுதவேண்டும்.